புரோக்கர் இல்லாமல் விற்ற வீடு

அக்கா,

இன்று காலை பீரோவை நகர்த்திப் பெருக்கும்போது அதன் பின்னாலிருந்து ஒரு அட்டை விழுந்தது. ஷூ பெட்டியின் மூடி. உள்பக்கத்தில் உங்கள் கையெழுத்து: "வீடு விற்பனைக்கு. நேரில் பேசவும். புரோக்கர்கள் தொல்லை செய்ய வேண்டாம்." டிரிப் பாட்டிலில் நேரம் எழுதுவோமே, அதே நீல மார்க்கர். 'தொல்லை'க்கு அடியில் மட்டும் இரண்டு கோடு. ஆம்பூரிலிருந்து பீரோவோடு ஒட்டிக்கொண்டு இதுவும் காட்பாடிக்கு வந்திருக்கிறது போல. துடைப்பத்தைப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்து சிரித்தேன். சிரித்து முடித்ததும் இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. இதைச் சொல்ல உங்களை விட்டால் எனக்கு வேறு ஆள் கிடையாது. அதனால் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

என் வீட்டுக்காரர் போன பிறகு ஆம்பூர் வீட்டில் இரண்டு வருஷம் தனியாக இருந்தேன். ஷூ கம்பெனியில் கட்டிங் செக்‌ஷனில் நின்று நின்று அவர் சேர்த்த பி.எஃப். பணத்தில் கட்டிய வீடு. பாசம் இல்லாமல் இல்லை. ஆனால் ராத்திரி கதவைத் தாழ் போட்டபின்னும் நாலு தடவை எழுந்துபோய்த் தாழைத் தொட்டுப் பார்ப்பேன். ரிட்டயர் ஆனபின் உங்களைப் பார்ப்பதும் மாசத்துக்கு ஒரு தடவை என்று ஆகிவிட்டது. வேலூரில் ஒரே வார்டில் நர்ஸுகளாக இருபத்தாறு வருஷம் ஒன்றாக நின்றவர்கள் நாம். அதனால்தான் காட்பாடியில், உங்கள் வாடகை வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி, அந்தச் சின்ன பிளாட்டைப் பிடித்தேன். பெரிய ஆசை எல்லாம் ஒன்றுமில்லை. கூப்பிடுகிற தூரத்தில் நீங்கள் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அட்வான்ஸ் கொடுத்தாகிவிட்டது. மூன்று மாசத்துக்குள் மீதியைக் கட்டவில்லை என்றால் அட்வான்ஸும் போகும், பிளாட்டும் போகும். ஆம்பூர் வீடு விற்றால்தான் மீதி. கணக்கு அவ்வளவு இறுக்கமாக இருந்தது. புரோக்கர் கேட்ட இரண்டு பர்சென்ட்டைக் கொடுத்தால் பிளாட்டுக்குக் குறையும். இதை உங்களிடம் போனில் அழாத குறையாகச் சொன்னேன்.

"ரெண்டு பர்சென்ட்டா? எத்தினி நைட் டூட்டிம்மா அது!" என்று கத்தினீர்கள். "ஒரு புரோக்கரும் வேணாம். நாமளே விப்போம்."

"நமக்கு இன்னாக்கா தெரியும்?"

"ஆபரேஷனுக்குப் போறவனையே பேசிப் பேசி ஸ்ட்ரெச்சர்ல ஏத்தியிருக்கோம். வீடு பார்க்க வர்றவன் எம்மாத்திரம்?"

முப்பத்தாறு வருஷமாக வாடகை வீடுகளிலேயே இருந்தவர் நீங்கள். கல்யாணமும் செய்துகொள்ளவில்லை, ஒரு செங்கல்கூடச் சொந்தமில்லை. பத்திரம் எந்த நிறத்தில் இருக்கும் என்பதே உங்களுக்குத் தெரியாது. ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை ரயிலில் வந்து இறங்கியபோது, பிறந்ததிலிருந்து வீடு விற்றே பிழைத்தவர் மாதிரி ஒரு ஃபைலோடு இறங்கினீர்கள். வில்லங்கச் சான்றுக்கு ஒரு ஆள் ஆயிரம் ரூபாய் கேட்டார். நீங்களே இ-சேவை மையத்தில் வரிசையில் நின்று வாங்கி வந்தீர்கள். "வில்லங்கம் ஒண்ணும் இல்லியாம். உன்னை மாதிரியே, சாது வீடு," என்று அதை என் மடியில் போட்டீர்கள்.

அதுவரை எல்லாம் சரியாகத்தான் போனது. ஆட்கள் வர ஆரம்பித்ததும்தான் வினை.

முதலில் வந்தது ஒரு சூப்பர்வைசரும் அவர் மனைவியும். எங்கள் பக்கத்தில் வீடு பார்க்க வருகிறவர்கள் முதலில் கேட்பது ஒரு டம்ளர் தண்ணீர். தாகத்துக்கு இல்லை, போர் தண்ணீர் எப்படி என்று ருசி பார்க்க. விற்கிறவர்களும் லேசுப்பட்டவர்களா? சொம்பில் கேன் தண்ணீரை ஊற்றி, குழாயில் பிடித்த மாதிரி சமையலறையிலிருந்து கொண்டுவருவார்கள். நானும் கேன் தண்ணீரைத்தான் தயாராக வைத்திருந்தேன். அந்தம்மா குடிக்க வாயைத் திறப்பதற்குள் நீங்கள் ஆரம்பித்துவிட்டீர்கள்.

"இது கேன் தண்ணிம்மா. போர் தண்ணி உப்பு, வாயில வைக்க முடியாது. துணி துவைக்கலாம், அதுவும் வெள்ளைத்துணி பழுப்பாயிடும். மேற்கு செவுரு ஐப்பசி மாசம் ஈரம் ஏறும், முழங்கால் ஒசரத்துக்கு. காத்து திரும்புச்சுன்னா டேனரி தோல் வாசனை வரும், அன்னிக்கு ஜன்னலைத் தொறக்காதீங்க. மாடிப்படி ஏழாவது படி கொஞ்சம் ஒசரம் ஜாஸ்தி. மத்தபடி நல்ல வீடு."

டூட்டி முடிந்து போகிறவள் அடுத்த டூட்டிக்காரியிடம் வார்டை ஒப்படைப்பாளே, அந்த ஹேண்டோவர் அது. மோசமான கேஸ் முதலில், நன்றாக இருப்பவர்கள் கடைசியில், ஒன்றும் விடக்கூடாது. இருபத்தாறு வருஷம் காலையும் மாலையும் நாம் செய்தது. அதை என் வீட்டுக்குச் செய்துவிட்டீர்கள். சூப்பர்வைசர் செருப்பை மாட்டிய வேகத்தை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை.

"அக்கா, இது பேஷன்ட் இல்ல, வீடு!"

"ஹேண்டோவர் குடுக்கும்போது மறைச்சா யார் தலையில விழும்? அடுத்து வர்றவ தலையிலதான. ராத்திரி இங்க படுக்கப்போறது அவங்கதாம்மா."

"அப்போ எனக்கு வீடு விக்க வேணாமா?"

"விப்போம் விப்போம். பதறாத."

அடுத்த நான்கு ஞாயிற்றுக்கிழமையும் இதே கூத்து. வந்தவர்கள் எல்லாரும் காபி குடித்தார்கள், ஹேண்டோவர் வாங்கிக்கொண்டார்கள், போய்விட்டார்கள். ஐந்தாவது வாரம் தெருமுனை புரோக்கரே வந்து உட்கார்ந்தார். வாசலில் தொங்கிய அட்டையில் எழுதியிருந்ததை அவர் பொருட்படுத்தவில்லை. "சிஸ்டர், என்கிட்ட விடுங்க. ரெண்டு பர்சென்ட் குடுங்க போதும். தண்ணியப் பத்தி, செவுத்தப் பத்தி நான் வாயே தொறக்க மாட்டேன்," என்றார்.

"வாயை மூடிக்கிறதுக்கு ரெண்டு பர்சென்ட்டா?" என்றீர்கள். மனிதர் காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்.

அன்று உங்கள்மேல் எனக்கு நிஜமாகவே கோபம். மூன்றாவது மாசம் பிறந்துவிட்டது. பிளாட் கைவிட்டுப் போனால் இந்த வயதில் இந்தப் பெரிய வீட்டில் ஒண்டியாகக் கிடந்து சாக வேண்டியதுதான் என்று உங்களிடமே சொன்னேன். நீங்கள் ஃபைலை எடுத்துக்கொண்டு ரயிலுக்குப் போனீர்கள். ஆனால் மறு ஞாயிறு வழக்கமான ரயிலில் வந்து நின்றீர்கள்.

அன்றைக்குத்தான் ராணிப்பேட்டையிலிருந்து அந்த ஆள் வந்தார். கெமிக்கல் யூனிட்டில் வேலை, ஆம்பூருக்கு மாற்றல். உங்கள் ஹேண்டோவரை முழுக்கக் கேட்டார். நேராகப் போய்க் குழாயைத் திறந்து ஒரு வாய் பிடித்தார், துப்பினார். ஏழாவது படியில் நின்று இறங்கிப் பார்த்தார். போனவர் சாயங்காலமே மனைவியைக் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தார். "பதினோரு வீடு பார்த்துட்டேம்மா. எல்லாத்துலயும் தேன் மாதிரி தண்ணியாம். பாலாத்துப் பக்கம் ஏது தேன்? ஒண்ணாவது நெசம் சொல்லுதேன்னு வந்தேன்," என்றார். என் கையை நீங்கள் கிள்ளியது இன்னும் வலிக்கிறது. கிள்ளி முடிப்பதற்குள் அவர் அடுத்ததைச் சொன்னார். "நெசம் சொன்னீங்க, சந்தோஷம். அந்த ஈரச் செவுத்துக்கு ஐம்பதாயிரம் கம்மி பண்ணுங்க."

புரோக்கரிடமிருந்து காப்பாற்றியதில் பாதிக்கு மேல் உங்கள் வாயே தின்றுவிட்டது, அக்கா. ஆனாலும் பிளாட்டுக்குப் போக முப்பதாயிரம் கையில் நின்றது. பத்திர ஆபீசில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் நீங்கள்தான். பேருக்குப் பக்கத்தில் ஓய்வு பெற்ற செவிலியர் என்றும் சேர்த்துப் போட்டீர்கள். யாரும் கேட்கவில்லை.

இனிமேல் எழுதப்போவதுதான் கஷ்டம்.

பிளாட்டுக்குச் சாமான் இறக்கிய அன்று அறை அறையாகப் பார்த்துக்கொண்டு வந்தீர்கள். ஜெபம் செய்து, பால் காய்ச்சி, எல்லாரும் போன பிறகு இரண்டாவது படுக்கையறை வாசலில் நின்றீர்கள். "இந்த ரூம்ல யாரும்மா?" என்று கேட்டீர்கள்.

"யாருமில்லக்கா. சாமான் போட்டுக்கலாம்."

"ம். சாமானுக்கும் இடம் வேணும்ல," என்றீர்கள். அங்கேயே இன்னும் கொஞ்சநேரம் நின்றீர்கள். எனக்கு வேறு நினைப்பு. காலையிலிருந்து ஒரு கவரைத் தயாராக வைத்திருந்தேன். மிச்சமான முப்பதில் சரிபாதி. எடுத்து உங்கள் கையில் வைத்தேன். இத்தனை ஞாயிற்றுக்கிழமை ரயிலேறி வந்திருக்கிறார், வெறுங்கையாக அனுப்பலாமா என்ற நல்லெண்ணம்தான், வேறொன்றும் இல்லை.

கவரைத் திறந்தீர்கள். எண்ணவில்லை.

"நான் இன்னா புரோக்கரா?"

கவரை அடுப்பு மேடையில் வைத்துவிட்டு, டீ கூடக் குடிக்காமல் படியிறங்கினீர்கள். இரண்டு தெரு தள்ளி இருந்துகொண்டு எட்டு மாசம் என் வீட்டுப் படி ஏறவில்லை. சர்ச்சில் பார்த்தால் தலையசைப்பீர்கள், அதோடு சரி. பணம் கொடுத்ததுதான் தப்பு என்று நானும் மருகினேன். ஒரு மனுஷிக்கு இவ்வளவு ரோஷமா என்று கோபித்துக்கொண்டும் இருந்தேன். யாருக்குப் பக்கத்தில் இருக்க இத்தனை பாடுபட்டேனோ அவரோடு பேச்சில்லை.

அப்புறம் ஒருநாள் நம் பழைய வார்டு பெண் ஒருத்தி மார்க்கெட்டில் பார்த்துச் சொன்னாள். உங்கள் ஓனர் வீட்டை விற்கிறாராம். புரோக்கர் ஆட்களைக் கூட்டிவந்து காட்டும்போது, குடியிருக்கும் நீங்களே கட்டிலில் படுத்தபடி ஹேண்டோவர் கொடுத்தீர்களாம். பாத்ரூம் ஒழுகல், சன்ஷேடு விரிசல், பக்கத்துவீட்டு ஜெனரேட்டர், எல்லாம். ஓனர் பதினைந்து நாளில் காலி செய்யச் சொல்லிவிட்டாராம். "சிஸ்டருக்கு ஹார்ட் வேற சரியில்ல. கால் ரெண்டும் வீங்கிக் கெடக்கு. வீடு தேட அலைய முடியல," என்றாள்.

காய்கறிப் பையோடு அப்படியே உங்கள் வீட்டுக்கு வந்தேன். நீங்கள் கதவைத் திறந்து, ஒன்றுமே நடக்காத மாதிரி, "கத்திரிக்கா இன்னா வெலை?" என்றீர்கள். நான் விலையைச் சொல்லவில்லை. "அந்த ரூமைக் காலி பண்ணிட்டேன். கிளம்புங்க," என்றேன். பொய். அட்டைப்பெட்டிகள் கூரை வரைக்கும் இருந்தன. நீங்கள் என்னையே பார்த்தீர்கள். கண் நிறைந்தது. அப்போதுதான், அக்கா, அந்த வாசலில் நீங்கள் கேட்டது என்ன என்று எனக்கு உறைத்தது. கேட்பதற்கு நீங்கள் கூசினீர்கள். நான் அறையைச் சாமானுக்குக் கொடுத்தேன், உங்களுக்குக் கமிஷன் கொடுத்தேன்.

வந்து சேர்ந்த மறுநாள் காலை, "ஏம்மா, செவுத்துல ஒரு ஆணி அடிச்சுக்கட்டுமா?" என்று கேட்டீர்கள்.

"இதையெல்லாமா கேப்பாங்க?"

"முப்பத்தாறு வருஷமா கேட்டுக்கினேதான் இருந்தேன். ஒரு ஓனரும் சரின்னு சொல்லல."

சுத்தியல் கிடைக்காமல் இடிகல்லால் அடித்தீர்கள். ஆணி வளைந்து, உள்ளங்கை அகலத்துக்குப் பூச்சு பெயர்ந்து விழுந்தது. டாக்டர்களையே அதட்டியவர், திட்டு வாங்கப்போகிறவர் மாதிரி என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள். "இன்னொண்ணு அடிங்க," என்றேன். அன்று நான்கு ஆணி அடித்தீர்கள். ஒன்றில் அம்மா படம், ஒன்றில் கைப்பை, ஒன்றில் காலண்டர். நான்காவது எதுக்கு என்று கேட்டேன். "சும்மா," என்று சொல்லிவிட்டுச் சிரித்தீர்கள்.

ஐந்து வாரம் அந்த அறையில் இருந்தீர்கள். ஒரு காலையில் காபி கொண்டுபோனபோது நீங்கள் எழவில்லை. நாடி பார்க்கத் தெரிந்தவள்தானே நான், பார்த்தேன். அப்புறமும் அரைமணி நேரம் கையை விடாமல் உட்கார்ந்திருந்தேன்.

நல்ல சாவு என்று எல்லாரும் சொன்னார்கள். இருக்கலாம். எனக்கு அந்த ஐந்து வாரத்தைவிட அதற்கு முந்தைய எட்டு மாசம்தான் ஞாபகத்தில் நிற்கிறது. சமைக்கும்போது, ஜெபத்தில் கண்ணை மூடும்போது, அதுதான் வந்து நிற்கிறது. நீங்கள் கேட்க வெட்கப்பட்டீர்கள், எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. இருபத்தாறு வருஷம் ஒன்றாக நின்ற நமக்கு நடுவில் யார் வேண்டும் என்று நானும்தான் நினைத்திருந்தேன். அன்றைக்கு ஒரு புரோக்கர் இருந்திருந்தால், "இந்தம்மாவுக்கு அந்த ரூமைக் குடுத்துடுங்க சிஸ்டர்" என்று அவராவது என்னிடம் சொல்லியிருப்பார்.