குடம் கவிழ்த்த தேர்வும் பூட்டாத பள்ளியும்

நலம் பெருகுக. செம்பரல் நாடு முழுதுடைய கோமான் இளநாகர் திருமுன், வடகரைக் கூற்றத்து அதிகாரி பொறையன் சாத்தன் பணிந்து விடுக்கும் ஓலை. தலைநகரில் மழையும் விளைவும் குறையாதிருக்க.

வடகரைப் பள்ளியைப் பூட்டி முத்திரையிடுக என்னும் தங்கள் ஆணை வந்து சேர்ந்தது. சாத்தன் அதை இருமுறை படித்தான். பூட்டவில்லை. காரணத்தைக் கேட்டருள்க.

அரண்மனைத் தேர்வாளர் நன்னாகனார் வழக்கம்போல் குடமும் மஞ்சாடி விதைகளும் கொண்டு வந்தார். தடங்கலின்றி ஒப்பித்த சூத்திரத்துக்கு ஒரு மஞ்சாடி குடத்தில் விழும். இடையில் நின்றால் குடத்தையே கவிழ்த்துவிடுவார். முப்பத்திரண்டு மாணாக்கரும் ஒரே இடத்தில் நின்றார்கள். முப்பத்திரண்டு முறையும் குடம் கவிழ்ந்தது. அத்தனை பேரும் மந்தம் என்று அவர் எழுதிக்கொண்டு போனார்.

அவர்கள் நின்ற இடம், ஏரி வெள்ளம் கரையின் ஏழாம் படியைத் தொட்டால் மதகைத் திறக்கச் சொல்லும் சூத்திரம். முதலில் நின்றவள் மதகு காப்பவன் மகள் வெண்ணி. எந்த ஏழாம் படி ஐயா, அடிப்படி மூணும் சேத்துக்குள்ள கிடக்கே என்று கேட்டாள். கேள்வி கேட்க வந்தவர் தாமா அவளா என்று சினந்த தேர்வாளர், வாயை மூடிக்கொண்டு ஒப்பிக்கச் சொன்னார். வாயை மூடினா எப்படி ஒப்பிக்கிறது என்று அதற்கும் அவள் ஒரு கேள்வி வைத்தாள்.

சாத்தன் ஏரியில் இறங்கி மூங்கில் ஊன்றிப் பார்த்தான். அவள் சொன்னது மெய். இன்று கண்ணில் படும் ஏழாம் படி, கட்டியவர் கணக்கில் பத்தாவது. அதுவரை காத்திருந்தால் கரை உடைந்து கீழூர்கள் ஐந்தும் நீரில் போகும். நிற்காமல் ஒப்பித்திருந்தால் குடம் நிறைந்திருக்கும், பள்ளியும் பிழைத்திருக்கும். பிள்ளைகளுக்குப் புரிந்திருந்தது, அதனால் நின்றார்கள். அதற்குத்தான் இந்தப் பூட்டு.

ஆணையை மறுப்பது குற்றம் என்று சாத்தன் அறிவான். அவனுடைய தலை வேண்டுமெனில் காவலரை அனுப்புக, ஓடமாட்டான். பள்ளியைப் பூட்ட வேண்டுமெனில் நன்னாகனாரை அனுப்புக, ஐப்பசி மழையில், குடமில்லாமல். மதகை எப்போது திறப்பதென்று அவர் கரையில் நின்று சொல்லட்டும். அது சரியென்று வெண்ணி ஒப்பினால் சாத்தன் தன் கையாலேயே பூட்டுவான். அதுவரை பள்ளி நடக்கும்.

இது கூற்றத்தின் முத்திரை, தன்னறிவோடு இட்டது. ஓலை சுமந்து வந்தவரை ஒறுக்க வேண்டா. எழுதியவனும் துணிந்தவனும் சாத்தன் ஒருவனே.