மீன்தொட்டிக்கு விட்ட லீவு

அன்புள்ள மகன் வேல்ராஜுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் சுகம். டொரண்டோ குளிரில் நீயும் சுகமாக இருக்க உச்சினிமாகாளியை வேண்டிக்கொண்டே இருக்கிறேன். போனில் சொல்லலாம்தான், ஆனால் அப்பா பக்கத்திலேயே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார், அதனால் கீழ்வீட்டு ஷ்யாமளா மகளைப் பார்க்க அங்கே வரும்போது முறுக்கோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன். தமிழ் வாசிக்க உனக்குச் சடவு என்று தெரியும், எழுத்துக்கூட்டியாவது படித்துவிடு.

மீன்தொட்டியை யாருக்காவது கொடுத்துவிடுங்கள், இந்த வயதில் எதற்கு இந்த வேலை என்று போன மாதம் சொன்னாய் அல்லவா, அதிலிருந்து அப்பா சரியாகப் பேசுவதில்லை. அப்போது நானும் உன் கட்சிதான். வடாலாவில் இந்தச் சின்ன ஹாலில் நாலடித் தொட்டியை வைத்துவிட்டுப் போய்விட்டாய், வீட்டுக்கு வருகிறவர்கள் காலை மடக்கித்தான் உட்காருகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆனால் அப்பா லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு குழாய் வைத்து அழுக்குத் தண்ணீரை வாளியில் இறக்குவார், கார்ப்பரேஷன் தண்ணீரின் மருந்து வாடை போகட்டும் என்று முதல் நாளே டிரம்மில் பிடித்து வைத்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுவார், தரையெல்லாம் ஈரம், துடைப்பது நான். மாஹிம் வளர்ப்புமீன் கடைக்காரர் தொட்டியை எடுத்துக்கொள்ளச் சம்மதித்தார். ஆயுத பூஜை கழியட்டும் என்று மட்டும் அப்பா சொன்னார்.

பூஜை அன்றைக்குத் தாராவிப் பட்டறையில் தையல் மிஷின்களுக்குப் பூஜை முடித்து வந்தவர், தொட்டி மோட்டாருக்கும் ஃபில்டருக்கும் சந்தனம் குங்குமம் வைத்து ஸ்விட்சை அணைத்துவிட்டார். “வருசம் பூரா ஓடுது, அதுக்கும் ஒருநா லீவு வேண்டாமா” என்றார். எனக்கும் சரியாகத்தான் பட்டது, நம் வீட்டில் அன்று மிக்ஸிகூட ஓடாதே. சாயங்காலம் பொரி வாங்கிப்போக வந்த எதிர்வீட்டு நுஸ்ரத், “பாபிஜி, மீனெல்லாம் மேல வந்து வாயைப் பொளக்குது, மோட்டார் பந்த் ஆயிட்டுதா” என்று கேட்டாள். நீ குண்டன் என்று கூப்பிடுவாயே, அந்தப் பெரிய தங்கமீன் ஒருக்களித்துக் கிடந்தது. அப்பா சொம்பை எடுத்துத் தொட்டித் தண்ணீரையே மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்ற ஆரம்பித்தார், அப்படிச் செய்தால் காற்று கலக்கும் என்று நீ எப்போதோ சொன்னாயாம். ஸ்விட்சைப் போடுங்களேன் என்றேன். “பூசையில வச்சத எப்படிட்டி தொடுவேன்” என்றார். சட்டை நனைந்துவிட்டது, நிறுத்தவில்லை. குண்டன் நிமிரவில்லை. கடைசியில் சொம்பைக் கீழே வைத்தார். தீபாவளி ஆர்டருக்காகச் சேட்டே பட்டறை வாசலில் வந்து நின்று கெஞ்சியபோதும் பூஜையன்று மிஷினைத் தொடாத மனுஷன் அவர். “சாமி கோவிச்சா எங்கிட்ட கோவிச்சுக்கிடட்டும், பய நம்மள நம்பில்லா விட்டுட்டுப் போயிருக்கான்” என்று சொல்லிக்கொண்டே ஸ்விட்சைப் போட்டுவிட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. குண்டன் மெல்ல நிமிர்ந்தது, மறுநாள் தீனியும் தின்றது.

கடைக்காரரை வரவேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன். நீயும் இனிமேல் தொட்டியைக் கொடுக்கச் சொல்லி அப்பாவிடம் பேசாதே. மனசு உன்னைத் தேடுகிறது என்று வாய்விட்டுச் சொல்ல அவருக்குத் தெரியாது, தொட்டியைத்தான் துடைத்துக்கொண்டிருக்கிறார். நீ நேரத்துக்குச் சாப்பிடு, ஈரத்தலையோடு வெளியே போகாதே. நோய்நொடி இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும். அடுத்த ஆயுத பூஜைக்கு இப்போதே லீவு சொல்லி வைத்துவிடு. அன்றைக்கு மோட்டார் ஓய்வெடுக்கட்டும், சொம்பை நீ பிடி. அப்பாவுக்கு இன்னும் தோள் வலிக்கிறது.

என்றும் உன் நினைப்பாகவே இருக்கும் அம்மா,
மாரீஸ்வரி