சாஸில் கிராம்பு

மார்ச் 4, செவ்வாய்

தலைமை அலுவலகத்திலிருந்து புது உத்தரவு. சாப்பிட்டுப் போகிறவர்கள் இணையத்தில் எழுதும் விமர்சனம் ஒவ்வொன்றுக்கும் கிளை மேலாளரே பதில் எழுத வேண்டுமாம். அதாவது நான். ஆள் வராத நாளில் மேசை துடைப்பதும் நான், குழாய் ஒழுகினால் பிளம்பரைக் கெஞ்சுவதும் நான், இனி முகம் தெரியாதவர்களிடம் மன்னிப்புக் கேட்பதும் நான்.

இன்றைக்கு வந்தவை:

"பூண்டு ரொட்டி அருமை. வெளியே வந்தால் மழை. ஒரு நட்சத்திரம்."

"எல்லாம் நன்றாக இருந்தது. என் மாமியாருக்கும் பிடித்துவிட்டது. அதனால் ஒரு நட்சத்திரத்தைக் குறைத்துக்கொள்கிறேன்."

"நாற்காலி ஆடுகிறது. எழுதாதே என்று கணவர் சொன்னார். எழுதுகிறேன்."

மழைக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினேன். வேறென்ன செய்ய?

மார்ச் 9, ஞாயிறு

ஒன்று புரியவில்லை. எங்கள் உணவகத்தில் தக்காளி சாஸ் சமைப்பதே இல்லை. இந்த நிறுவனத்தின் எல்லா இத்தாலியன் உணவகங்களுக்கும் ஒரே இடத்தில் செய்து, உறைந்த பைகளில் அனுப்புகிறார்கள். பையை வெட்டு, சட்டியில் ஊற்று, சூடு பண்ணு. அவ்வளவுதான். அப்படியிருக்க, வியாழக்கிழமை ஸ்பகெட்டி சாப்பிட்டவர், "குழந்தை தட்டையே நக்கிவிட்டது, ஐந்து நட்சத்திரம்" என்கிறார். வெள்ளிக்கிழமை அதையே சாப்பிட்டவர், "பல் டாக்டர் அறையில் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்த மாதிரி இருந்தது" என்கிறார். செவ்வாய்க்கிழமை வந்த ஒருவரும் பல் டாக்டரைத்தான் இழுத்திருக்கிறார்.

ஸ்பகெட்டிக்குள் பல் டாக்டர் எப்படி வந்தார்?

மார்ச் 11, செவ்வாய்

பல் டாக்டர் யார் என்று தெரிந்துவிட்டது. எங்கள் அத்தான். அக்காவின் கணவர், இங்கே சமையல்காரர்.

காலையில் வழக்கத்தைவிடச் சீக்கிரம் போய்விட்டேன். சமையலறைக் கதவைத் திறந்ததும் கிராம்பு வாசனை மூக்கைத் துளைத்தது. பல் டாக்டர் அறை வாசனையேதான். அடுப்பில் பெரிய சட்டி கொதிக்கிறது. பைகள் எல்லாம் உறைபெட்டியில் நிம்மதியாகத் தூங்குகின்றன. அத்தான் மீசையில் தக்காளி ஒட்டியிருக்க, கரண்டியைச் சுழற்றிக்கொண்டு பாடுகிறார்.

"என்ன அத்தான் இது?"

"சாஸ்."

"சாஸ்தான் பையில இருக்கே!"

"அது சாஸா? பசை. சுவத்துல போஸ்டர் ஒட்டலாம். நான் சின்ன வயசுல கப்பல்ல இருந்தவன் பாப்பா. இத்தாலிக்காரங்க எப்படி வெப்பாங்கன்னு கண்ணால பாத்தவன்."

இத்தாலிக்காரர்கள் கிராம்பு போடுவார்களா என்று கேட்டேன். "அது என் கைப்பக்குவம்" என்றார்.

செவ்வாய், வெள்ளி, ஞாயிறு அவர் முறை. மற்ற நாட்களில் இன்னொரு சமையல்காரர். அவர் பையை ஒழுங்காக வெட்டி ஒழுங்காக ஊற்றுகிறவர். திட்டு விழுந்த நாட்களைப் பார்த்தேன். அத்தனையும் அத்தான் முறை.

அத்தானை இங்கே சேர்த்துவிட்டதே நான்தான். முன்பு அவர் வேலை பார்த்த மரச்சாமான் கடையை மூடியபோது வேலை போனது. மாதக்கணக்காக வீட்டில் இருந்தார். "ஏதாவது வழி பண்ணுடி, சுவத்தையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கார்" என்று அக்கா அழுதாள். அவர் சமையல் எனக்குத் தெரியாததா? ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் அவர் கையால் சமைத்துப் போடுவதை எத்தனை வருஷம் தண்ணீர் குடித்துக் குடித்து உள்ளே தள்ளியிருக்கிறேன்! பையை வெட்டி ஊற்றுகிற வேலைதானே, இதில் கெடுப்பதற்கு என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

இருந்திருக்கிறது.

மார்ச் 14, வெள்ளி

"அத்தான், இது தலைமை அலுவலகத்து உத்தரவு. பைதான் ஊத்தணும்."

"சரிங்க மேனேஜரம்மா."

கோபம் வந்தால் நான் மேனேஜரம்மா. மற்ற நேரம் எல்லார் முன்னாலும் பாப்பா. நாற்பது தாண்டிய பாப்பா.

கிராம்பு டப்பாவை என் இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். மதியம் ஸ்பகெட்டியில் கிராம்பு. சட்டைப் பையில் பொட்டலம் வைத்திருக்கிறார் மனுஷன்.

மார்ச் 17, திங்கள்

அத்தானுக்கு இன்று விடுமுறை. ஆனாலும் போன் பண்ணினார். விமர்சனங்களைப் படிக்கக் கற்றுக்கொண்டுவிட்டார்.

"பாப்பா, இதக் கேளு. 'குழந்தை தட்டையே நக்கிவிட்டது.' யாரு வெச்ச சாஸ்?"

அது வியாழக்கிழமைச் சாஸ். வியாழக்கிழமை இவர் வேலைக்கே வருவதில்லை. சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவரே, "பல் டாக்டர்னு ஒருத்தன் எழுதியிருக்கான் பாரு, அதெல்லாம் அந்தப் பையால வர்ற வினை. நான் அப்பவே சொன்னேன்ல?" என்றார்.

ஐந்து நட்சத்திரமெல்லாம் அவருடையது. ஒற்றை நட்சத்திரமெல்லாம் பையுடையது. இப்படி ஒரு மனசு எனக்கும் இருந்தால் ரத்த அழுத்த மாத்திரை வேண்டியிருக்காது.

மார்ச் 22, சனி

அக்காவிடம் போனேன். "நீ சொல்லேன். நீ பெண்டாட்டி" என்றேன்.

"நானா? கல்யாணமான புதுசுல, மொத மொத சமைச்சுப் போட்டார். நல்லா இருக்குன்னு சொல்லித் தொலைச்சிட்டேன். ஆசையா மூஞ்சியையே பாத்துக்கிட்டு நின்னார்டி, வேற என்ன சொல்றது? அன்னிக்கு மாட்டினவதான். இனிமே எப்படி மாத்திச் சொல்றது? அப்ப இத்தனை வருஷமும் பொய்யான்னு கேக்க மாட்டாரா?"

பிறகு, "குளிக்கறப்ப மறுபடியும் பாடறார்டி. சகிக்கல. ஆனா பாடறார்" என்றாள்.



மார்ச் 28, வெள்ளி

அளவுகோல் வந்துவிட்டார். தலைமை அலுவலகத்து ஆய்வாளர். பீட்சாவின் குறுக்களவைக்கூட அளந்து பார்க்கிறவர் என்பதால் எல்லாக் கிளையிலும் அவருக்கு அந்தப் பெயர்தான். வருவதாகச் சொல்லவில்லை. மற்ற நாளெல்லாம் இருக்க, வெள்ளிக்கிழமைதான் கிடைத்தது அந்த அம்மாவுக்கு.

ஸ்பகெட்டியை ஒரு வாய் வைத்தார். மெல்லுவதை நிறுத்தினார். எங்கோ யோசித்தார். எந்த டாக்டரை யோசித்தார் என்று எனக்குத் தெரியும்.

"இது நம்ம சாஸ் இல்லையே."

நான் என் செருப்பைப் பார்த்தேன்.

"நல்லா இல்லன்னு சொல்லல. நல்லா இருந்திருந்தாலும் இதையேதான் சொல்வேன். நேத்து வந்தவங்களுக்கு என்ன கிடைச்சுதோ அதுதான் இன்னிக்கு வர்றவங்களுக்கும் கிடைக்கணும். உங்க கிளையில பாதிப் பேர் அஞ்சு போடறாங்க, பாதிப் பேர் ஒண்ணு போடறாங்க. நடுவுல ஆளே இல்ல. இது சாப்பாட்டுக் கடையா, சீட்டாட்டமா?"

இந்தச் சாஸை வைத்தவர் இனி அடுப்புப் பக்கம் நிற்கக் கூடாது. அடுத்த மாதம் மறுபடி வரும்போது நின்றால், மேலாளரையும் மாற்ற வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார். தட்டில் முக்கால்வாசி அப்படியே இருந்தது.

அத்தான் வந்து தட்டைப் பார்த்தார். "பாவம், உடம்பைக் குறைக்கிறாங்க போல" என்றார்.

மார்ச் 30, ஞாயிறு

சொல்லியாக வேண்டும். நாளைக்கு.

மார்ச் 31, திங்கள்

நாளைக்கு.

ஏப்ரல் 1, செவ்வாய்

இன்றைக்குச் சொன்னால் முட்டாள்கள் தினம் என்று சிரிப்பார், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டுதான் போனேன்.

அத்தானுக்கு வங்கியில் வேலை இருந்ததால் அவர் வர மதியமாகிவிட்டது. மற்ற சமையல்காரர்தான் அடுப்பைப் பார்த்துக்கொண்டார். அத்தான் நல்ல பசியோடு வந்து, ஒரு தட்டு ஸ்பகெட்டியைப் போட்டுக்கொண்டு என் எதிரில் உட்கார்ந்தார். இரண்டு வாய் சாப்பிட்டார். கண்ணை மூடினார்.

"ஞாயித்துக்கிழமை நான் வெச்சது மிச்சம் இருந்துதா பாப்பா? ஊற ஊற எப்படி எடுப்பா வந்திருக்கு பாரு! இதுதான் சாஸ்!"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வார்த்தை. அக்கா அப்படித்தானே ஆரம்பித்தாள்?

"அது பை, அத்தான்."

சிரித்தார். "ஏப்ரல் ஒண்ணு. என்கிட்டயேவா!"

நான் சிரிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார். எழுந்து போய்க் குப்பைத் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார். வெட்டிப் போட்ட பைகள். திரும்பி வந்து உட்கார்ந்து, தட்டில் இருந்ததை ஒரு இழைகூட விடாமல் சாப்பிட்டு முடித்தார். அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

"அப்ப அந்தப் பல் டாக்டர்...?"

தலையாட்டினேன்.

"வீட்டுலயும் அப்படித்தானா?"

மேசையிலிருந்த தண்ணீர்க் குடுவையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அவளுமா?" என்றார்.

ஏப்ரல் 2, புதன்

அக்கா போனில் கிழிகிழியென்று கிழித்தாள். "என்னடி சொன்னே அவர்கிட்ட? வந்ததுலேருந்து பேசல. நான் தோசைக்கரண்டியைக் கையில எடுத்தாக்கூட ஒரு மாதிரி பாக்கறார். இத்தனை வருஷம் நான் கட்டிக் காத்தத ஒரே வாயில கவுத்துட்டியே, நல்லா இருப்பியா நீ?"

நான் என்ன பண்ணட்டும்? சொன்னாலும் குத்தம், சொல்லாட்டியும் குத்தம். கிளை மேலாளராம், மேலாளர். ஒரு ஸ்பகெட்டிக்காக ஒரு மனுஷனோட வாயடைச்சாச்சு. இதுக்கு எத்தனை நட்சத்திரம் போடுவாங்களாம்?

ஏப்ரல் 4, வெள்ளி

அத்தான் வரவில்லை. ஸ்பகெட்டி பற்றி ஒரு புகாரும் இல்லை. எல்லாம் ஒரே மாதிரி. சந்தோஷப்பட வேண்டும்தானே? பட முடியவில்லை.

ஏப்ரல் 5, சனி

கால் இரண்டும் வீங்கிப்போயிருக்கிறது. ஆனாலும் எழுதியே ஆக வேண்டும்.

பரிமாறுகிறவர்களில் இரண்டு பேருக்குக் காய்ச்சல். அதே மதியம் ஒரு பிறந்தநாள் கூட்டம் முன்பதிவே செய்யாமல் பலூனோடு வந்து நின்றது. ஒரு குழந்தை சூப்பைக் கவிழ்த்தது. ஜன்னலோர மேசையில் ஒரு தம்பதி, பீட்சாவில் காளான் வேண்டுமா வேண்டாமா என்று தொடங்கி, உன் அண்ணன் அன்றைக்கு என்ன சொன்னான் என்பதுவரை போய்விட்டார்கள். நான் கையில் நான்கு தட்டோடு, எந்த மேசை என்பதே மறந்து நடுவில் நிற்கிறேன்.

அப்போதுதான் அத்தான் வந்தார். வேலையை விடுவதற்காக. சலவை செய்து மடித்த ஏப்ரனைத் திருப்பிக் கொடுக்க வந்திருக்கிறார். என்னைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். மடித்ததைப் பிரித்துக் கட்டிக்கொண்டார்.

அதற்குப் பிறகு நடந்ததை என்னவென்று சொல்வது? ஒரு கையில் மூன்று தட்டு, மறு கையில் தண்ணீர். இடுக்கில் வழுக்கிக்கொண்டு போகிறார். ஒரு சொட்டு சிந்தவில்லை. சூப்பைக் கவிழ்த்த குழந்தையிடம், "நல்ல வேளை கவுத்தே, அது சூடு. இது உனக்குன்னே ஆற வெச்சது" என்று புதுக் கிண்ணத்தை வைத்தார். தம்பதியிடம் போய், "பாதிக்குக் காளான் போடச் சொல்லிட்டேன். எந்தப் பாதி யாருக்குங்கறது உங்க குடும்ப விஷயம்" என்றார். இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். பிறந்தநாள் பாட்டை அவர்தான் பாடினார். அக்கா சொன்னது சரி, சகிக்கவில்லை. ஆனால் மொத்தக் கடையும் கூடவே பாடியது.

எல்லாம் ஓய்ந்த பிறகு கேட்டேன். "அத்தான், கப்பல்ல நீங்க என்ன வேலை பாத்தீங்க?"

"தட்டு தூக்கினேன். சமையல்கட்டு வாசல் வரைக்கும்தான். உள்ள விடவே மாட்டாங்க."

மீசையைத் தடவிக்கொண்டு, "ஏன்னு இப்பத்தான் புரியுது" என்றார்.

முதலில் அவர் சிரித்தார். பிறகுதான் எனக்குச் சிரிக்கத் தைரியம் வந்தது.

ஏப்ரல் 24, வியாழன்

அத்தான் அடுப்பை விட்டுப் பரிமாற வந்த பிறகு வந்த விமர்சனங்கள்:

"லசான்யா பரவாயில்லை ரகம். மீசைக்காரர் பரிமாறும் மேசையாகக் கேட்டு உட்காருங்கள்."

"எங்கள் மாமனார் சிரித்து நாங்கள் பார்த்ததில்லை. இன்று பார்த்தோம். பல்செட் என்பதே இன்றுதான் தெரியும். ஐந்து நட்சத்திரம்."

"பாட்டு வேண்டாம். மற்றபடி நன்று."

அளவுகோல் வந்து போனார். சாஸை ருசித்துத் தலையசைத்தார். "எல்லாம் ஒரே மாதிரி இருக்கு. அவர் ஒருத்தரைத் தவிர" என்று அத்தான் பக்கம் காட்டினார். "அப்படியே இருக்கட்டும்" என்றார்.

வீட்டில்தான் இன்னும் சரியில்லை. அத்தான் அடுப்பைத் தொடுவதில்லை. அக்கா என்ன சமைத்தாலும் "நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு எழுந்துவிடுகிறாராம். "அந்த 'நல்லா இருக்கு' என்னைக் குத்தறதுக்குன்னே சொல்றார்டி" என்கிறாள்.

மே 18, ஞாயிறு

அக்கா சாப்பிட வந்தாள். சொல்லாமல், தனியாக, பட்டுப்புடவை கட்டிக்கொண்டு. அத்தான் பார்க்கும் ஆறாம் மேசையிலேயே போய் உட்கார்ந்தாள்.

அத்தான் யாரோ தெரியாத அம்மா என்பதுபோலக் குனிந்து, "என்ன சாப்பிடறீங்கம்மா?" என்றார். ஸ்பகெட்டியும் பூண்டு ரொட்டியும் கேட்டாள். கொண்டுவந்து வைத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றார். அவள் இரண்டு வாய் சாப்பிட்டாள்.

"எப்படிம்மா இருக்கு?"

அக்காவின் வாய் தானாகவே 'ந' என்று தொடங்குவதை இங்கிருந்தே பார்த்தேன். நிறுத்திக்கொண்டாள். அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"உப்பு பத்தல. ரொட்டியும் காஞ்சு போயிருக்கு."

பில் போட்டுக்கொண்டிருந்த நான் கையைத் தூக்கியபடி அப்படியே நின்றுவிட்டேன்.

அத்தான் தட்டைக் கையில் எடுத்தார். "மன்னிக்கணும்மா, இதோ மாத்திக் கொண்டுவரேன்." சமையலறை வாசலில் நின்று கடை முழுக்கக் கேட்கும்படி ஒரு குரல் கொடுத்தார்: "ஆறாம் மேசை அம்மாவுக்கு உப்பு பத்தலையாம்! யாருய்யா உள்ள சமைக்கறது?"

அக்காவுக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது.

புதுத் தட்டை வைத்துவிட்டு அவர் நகரவில்லை. எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இப்பச் சொல்லு. வேற என்னெல்லாம் நல்லா இல்ல?"

அக்கா முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, கல்யாணமான புதுசிலிருந்து ஆரம்பித்தாள்.

அத்தான் பார்க்க வேண்டிய ஏழாம் மேசைக்குத் தண்ணீர் நான் கொண்டுபோனேன்.