இவருடைய துவக்கு

மார்கழி 3
மழை விட்டும் விடாமலும். விறகெல்லாம் ஈரம். ஊதி ஊதியே உலை வைத்தேன்.

இவர் பன்றி சுடுகிற துவக்குக்கு லைசென்சு இந்த மாதத்தோடு சரி. புதுப்பிக்க, ஊர் அலுவல் பார்க்கிற விதானையார் 'ஒழுங்கான ஆள்' என்று எழுதித் தரவேண்டும். வேட்டி சட்டைக்கு நீலம் போட்டுத் தோய்க்கச் சொல்லியிருக்கிறார். ஒழுங்கு அதில்தான் தெரியுமாம்.

நெல் கதிர் தள்ளுகிறது. காட்டுப்பன்றி வரத் தொடங்கிவிட்டது. உப்பு முடிந்தது, மண்ணெண்ணெயும்.

மார்கழி 5
வெயில். நேற்று எழுதக் கை வரவில்லை. கள்ளுக் குடித்துவிட்டு வந்து துவக்கை என் நெஞ்சுக்கு நேரே பிடித்தார். குழம்பில் புளி கூடிப்போயிற்றாம். உள்ளே தோட்டா இருந்ததோ, தெரியாது.

காலையில், "பகிடிக்கெல்லோ பிடிச்சனான். உமக்கு ஒரு பகிடியும் விளங்காதே?"

இது மூன்றாவது பகிடி.

அம்மாவுக்கு ஏற்கெனவே எழுதிப் பார்த்தாயிற்று. நான் சாவகச்சேரிக்குத் திரும்பி வந்தால் தங்கச்சியின் சம்பந்தம் குழம்பும் என்று பதில். பக்கத்துக் காணி பறுவதம் அக்கா வேலிக்கு அங்கால் நின்று சொன்னா: "துவக்கில்லாத வயலைப் பன்றி உழுது போடும் பிள்ளை. பொறுத்துக்கொண்டு இரு." அதிலும் பொய் இல்லை.

மார்கழி 8
விதானையார் வந்தார். இவர் வாய்க்கால் கூட்டத்துக்குப் போயிருந்தார். கதிரை போட்டுத் தேத்தண்ணி கொடுத்தேன். அவர் எழும்பும்போது சொல்லிவிட்டேன்.

"இவருக்கு எழுதிக் குடுக்காதேங்கோ."

மூன்று பகிடியையும் சொன்னேன். அவர் முற்றத்தைப் பார்த்தபடி இருந்தார்.

"பிள்ளை, இது குடும்பக் கதை. துவக்கு அவன்ரை உரிமை. காட்டுக்கை காணியைக் குடுத்துப்போட்டு, அரசாங்கம் துவக்கைப் பறிக்கலாமோ?"

"எனக்கு உயிரோடை இருக்க உரிமை இல்லையோ?"

அவர் செருப்பை மாட்டினார். நான் சொன்னதாக வெளியில் விடவேண்டாம் என்று கேட்டேன். தலையாட்டினார்.

அரசாங்கம் வீட்டுக்குள் வரக்கூடாது என்கிறார்கள். சரி. துவக்கு மட்டும் வரலாமோ?

மார்கழி 14
லைசென்சு இல்லையென்று சொல்லிவிட்டார்கள். இவர் துவக்கைப் பொலிசில் கொடுத்துவிட்டு வந்தார். சாப்பிடவில்லை. யார் சொன்னது என்று கேட்கவும் இல்லை.

எனக்குப் பெரிய சந்தோசம். குசினிக்குள் அடுப்படியில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். நல்ல நித்திரை.

மார்கழி 18
பன்றி. வாய்க்கால் பக்கத்துத் துண்டு முழுவதும் போயிற்று. கதிரெல்லாம் சேற்றுக்குள். குனிந்து களை பிடுங்கியவள் நான், வரம்பில் இருந்து அழுதேன்.

பறுவதம் அக்கா: "ஆரோ எரிச்சல் பிடிச்சதுகள் கோள் மூட்டியிருக்குதுகள்."

"ஓம் அக்கா."

மார்கழி 20
இவர் எங்கேயோ ஒரு இரும்புக் குழாய் எடுத்துவந்து அரத்தால் ராவிக்கொண்டிருக்கிறார். கட்டுத்துவக்கு. பன்றி வரும் தடத்தில் கம்பியை இழுத்துக் கட்டுவது. கால் பட்டால் வெடிக்கும். பன்றிக் காலோ மனிதக் காலோ, அதற்கு ஒன்றுதான். இதற்கு லைசென்சு கேட்பாரும் இல்லை.

ஆனால் ஒரு வழக்கம் உண்டு. கட்டினவர் அயலுக்குச் சொல்லவேண்டும். கம்பி இருப்பது தெரிய, இரண்டு பக்கமும் இலைக்குழை கட்டவேண்டும். எந்தக் குடிகாரனும் இதைத் தவறவிட்டதில்லை.

மார்கழி 21
பனி. விடியவே போய்க் கட்டிவிட்டு வந்தார். அயலுக்கும் சொல்லியாயிற்று, எங்கள் வயலுக்குள் ஒருவரும் கால் வைக்கவேண்டாம் என்று. வேலிப் படலையில் நின்று பார்த்தேன். எந்த வரம்பிலும் குழை இல்லை.

தண்ணீர் அள்ளும் வாய்க்காலுக்கு எங்கள் வயலுக்குள்ளால்தான் போகவேண்டும். கிணறு இன்னும் வெட்டவில்லை. எந்த வரம்பு என்று கேட்டேன்.

"நீர்தானே விதானையாரோடை எல்லாம் கதைக்கிறனீர். அவரைக் கேளும்."

குடிவெறியில்லை. நல்ல தெளிவாக இருக்கிறார். இப்போது கதிரையில் இருந்து கூப்பிடுகிறார்.

"குடத்திலை தண்ணி இல்லை. போய் அள்ளிக்கொண்டு வாருமன்."