காலியாக விட வேண்டிய இடம்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறீர்கள் என்று தெரிந்தால் அதுவே எங்களுக்குப் போதும். போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனைத் தொடவே கை கூசுகிறது கண்ணு, அதனால்தான்.

அம்மாவின் முட்டி வலி இப்போது தேவலை, மாடிக்குத் துணி காயப்போட அவளே ஏறிவிடுகிறாள், நான் காயப்போட்டால் க்ளிப் சரியாகப் போடுவதில்லையாம், அதற்கும் திட்டு. கடையில் வேலை பெண்டு நிமிர்கிறது. கம்ப்யூட்டரில் கார்டு அடிக்கிற என் பிழைப்புதான் உனக்குத் தெரியுமே, கல்யாணக் கார்டோ இரங்கல் கார்டோ, எங்காவது காலி இடம் விழுந்தால் முதலாளிக்குப் பொறுக்காது, ஒரு இங்கிலீஷ் வாசகத்தைத் தூக்கிப் போடு என்பார். அப்படிப் போட்டுப் போட்டு எல்லாம் அர்த்தத்தோடு மனப்பாடம் ஆகிவிட்டது, கடையில் என்னை அகராதி என்றுதான் கூப்பிடுகிறார்கள். திமிரையும் சேர்த்துத்தான் சொல்றாங்க என்பாள் உன் அம்மா.

அந்த அகராதிதான் என் மானத்தை வாங்கிவிட்டது. சம்பந்தியம்மா இறந்த மறுநாள் துக்கம் கேட்க வீடியோவில் கூப்பிட்டேனே, நீ போனை மாப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாய், அவருக்கோ தமிழ் தெரியாது, எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் கார்டு வாசகம்தான், நடந்ததை அவரும் உன்னிடம் சொல்லியிருக்க மாட்டார். கண்ணெல்லாம் வீங்கி உட்கார்ந்திருந்தார். சாரி என்றேன், தலையாட்டினார், அப்புறம் பேச்சே இல்லை. எனக்கு அது கார்டில் விழுந்த காலி இடம் போலப் பட்டுவிட்டது. ஷீ இஸ் இன் எ பெட்டர் ப்ளேஸ் என்றேன். இடம் நிரம்பவில்லை, லைஃப் கோஸ் ஆன் என்றேன். வாயை மூடிக்கொண்டிருக்கலாம் அல்லவா, ப்ளெஸ்ஸிங் இன் டிஸ்கைஸ் என்று சொல்லித் தொலைத்தேன். கெட்டது போல வந்து நல்லதாக முடிகிற காரியம் என்று அர்த்தம், தூக்கத்தில் கேட்டால்கூடச் சொல்வேன். படுத்த படுக்கையாகக் கிடந்த தாய்க்குத் தன் கையால் ஊட்டி, உடம்பு துடைத்துப் பார்த்துக்கொண்ட பிள்ளையிடம், அவர் போனது நல்லதுக்குத்தான் என்று சொல்லியிருக்கிறேன். மாப்பிள்ளை மெதுவாகத் தேங்க்யூ என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அம்மாவுக்கு இங்கிலீஷ் புரியாவிட்டாலும் முகம் புரிந்துவிட்டது, என்னங்க சொன்னீங்க, அவர் மூஞ்சி ஏன் அப்படிச் செத்துப்போச்சு என்றாள். ஆறுதல் சொன்னேன் என்று அவளிடம் புளுகினேன். அன்றிலிருந்து நீ கூப்பிடும்போதெல்லாம் மாப்பிள்ளை குளிக்கிறார், தூங்குகிறார், வெளியே போயிருக்கிறார் என்கிறாய். வெட்கத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

நான் சொல்லியிருக்க வேண்டியது வேறு. உங்கள் கல்யாண விருந்தில் எல்லோரும் இங்கிலீஷில் கலகலவென்று பேசிக்கொண்டிருந்தார்கள், இத்தனை வாசகம் தெரிந்தும் நாலு வார்த்தை கோர்த்துப் பேச வராமல் நான் ஓரத்து மேஜையில் தனியாக உட்கார்ந்திருந்தேன். சம்பந்தியம்மா தன் தட்டை எடுத்துக்கொண்டு வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். அவரும் பேசவில்லை, என்னையும் பேச வைக்கவில்லை, நான் சாப்பிட்டு முடிக்கும்வரை எழுந்து போகவும் இல்லை. அன்றைக்கு எனக்கு மூச்சு வந்ததே அவரால்தான். அப்படிப்பட்டவருடைய பிள்ளைக்குப் பக்கத்தில் ஒரு நிமிஷம் சும்மா இருக்க எனக்குத் தெரியவில்லை.

இதை அவரிடம் உன் வாயால் சொல்லிவிடு கண்ணு, அப்பா மன்னிப்புக் கேட்டார் என்றும் சொல். அவரைச் சாப்பிடவை, நீயும் ராத்திரி கண் விழிக்காதே. இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் துணையாக, ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் கூப்பிடு, போனை அவர் முன்னால் வைத்துவிட்டுப் போ. அவர் பேசாவிட்டால் பரவாயில்லை. நானும் பேசமாட்டேன், கட் பண்ணவும் மாட்டேன்.

இப்படிக்கு,
உன் அப்பா