அசீனா வைத்த பல்

இராஜபாளையம்
11.7.1997

அன்பு மகள் அசீனாவுக்கு, சின்னத்தா அகமது கபீர் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நானும் உன் சின்னம்மாவும் இருக்கிறோம். நலமாக இருக்கிறோம் என்று எழுதத்தான் ஒரு தடை வந்திருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில், பல் வைத்த அன்று நீ சொன்னதையெல்லாம் நான் செய்தேன் என்பதைத் தெரிந்துகொள். மெத்தென்ற பிரஷ் வேண்டும் என்று மருந்துக்கடையில் கேட்டேன். பேரன் பிறந்திருக்கானா பாய் என்று கடைக்காரர் கேட்டார். எனக்குப் பிள்ளையே இல்லை என்பது அவருக்குத் தெரியாததல்ல. வாங்கிக்கொண்டு வந்தேன். சாப்பிட்ட பிறகு வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளிக்கிறேன். கொட்டைப்பாக்கை விட்டுவிட்டேன். முறுக்கைக் கடைவாயில் வைத்துக் கடிக்கிறேன். கண்ணாடி முன்னால் நின்று உதட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஈறும் பல்லும் சேருகிற இடத்தில் பிரஷ்ஷைச் சாய்த்து மெல்லத் தேய்க்கிறேன். என் முகத்தை இவ்வளவு நேரம் பார்க்க வேண்டியிருக்கும் என்று நீ முன்பே சொல்லியிருந்தால் யோசித்திருப்பேன்.

கம்பெனியில் எல்லோருக்கும் நீ வைத்த இந்த முன்பல் ஒரு வேடிக்கை. பேண்டேஜ் துணி மடிக்கிற வெள்ளைத்தாய், சிரிச்சா ஆளே மாறிப் போறியளே அண்ணாச்சி, எதுக்கும் அக்காகிட்டச் சொல்லிட்டுச் சிரிங்க என்கிறாள். தறி மெக்கானிக் இருளப்பசாமிக்கு வாய் இன்னும் நீளம். பல்லு வந்துட்டு, இனி அண்ணன் தம்பி பகைய எத வச்சுக் காட்டுவிய என்று எல்லார் முன்னாலும் கேட்டான். அவன் கேட்டது சரிதான்.

பதினெட்டு வருஷம் அந்த ஓட்டையை வைத்திருந்தேன். கல்யாண வீடுகளில் யாராவது முன்பல் எங்கே என்று கேட்டால், அண்ணன் என்றுகூடச் சொல்லாமல், மெட்ராஸில் ஹுமாயூன் ராவுத்தரிடம் இருக்கிறது என்பேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் உன் பாட்டனார் பிச்சை முகம்மதுவின் ஜவுளிக்கடையை என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் விற்பதற்குப் பேசி முடித்தார் உன் அத்தா. அதைக் கேட்கத்தான் அன்றைக்குப் போனேன். ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. குனிந்து உள்ளே நுழையும்போது மீதியையும் இழுத்துவிட்டார். முன்பல் அங்கேயே தெறித்தது. என்னைப் பார்க்கவில்லை என்பது அவர் கட்சி. பார்த்தார் என்பது என் கட்சி. எட்டாம் வகுப்போடு நின்றவர் கடையை விற்றுக்கொண்டு மெட்ராஸ் போய்ப் பெரிய மனிதராகிவிட்டார். எம்.ஏ. படித்தவன் இங்கே பேண்டேஜ் கம்பெனிக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன். பல் கட்டிக்கொள்ளச் சொல்லாதவர்கள் இல்லை. மறுத்தேன். ஓட்டை போய்விட்டால், நடந்ததும் நடக்காதது போலாகிவிடும் அல்லவா?

உனக்காகத்தான் சம்மதித்தேன். நம்பி வாயைத் திறக்கிற ஒருவரைக் கூட்டி வந்தால் உன் கையாலேயே செய்யவிடுவதாகப் பேராசிரியர் சொன்னார் என்றும், நீ வைக்கப்போகும் முதல் பல் எனக்குத்தான் என்றும் வந்து நின்றாய். பல் மருத்துவக் காலேஜ் ஆஸ்பத்திரியில்தான் செய்வாய் என்றதால் உன் அத்தா வீட்டு வாசலை மிதிக்க வேண்டியிருக்கவில்லை. எலும்பில் திருகாணி வைத்து, அது பிடிப்பதற்கு ஐந்து மாதம் காத்திருந்து, மேலே பல்லைப் பொருத்திய அன்று நீ அழுததை நான் பார்த்தேன். மல்லாந்து படுத்திருக்கிறவனுக்கு எல்லாம் தெரியும்.

இனி அந்தத் தடைக்கு வருகிறேன். பல்லுக்கு அடியில் விட்டு எடுக்க மெழுகு பூசிய நூல் ஒரு டப்பா கொடுத்தாய். முடிந்ததும் எழுதுங்கள், அனுப்புகிறேன் என்றாய். இந்த ஊரில் அது கிடைப்பதில்லை. எழுத உட்கார்ந்தேன். உன் பார்சல்களையெல்லாம் கட்டித் தபாலில் சேர்ப்பது அத்தாதான் என்று நீ முன்பொரு கடிதத்தில் எழுதியிருந்தது நினைவுக்கு வந்தது. அவர் கையால் கட்டிய பொட்டலத்தைப் பிரித்துப் பல் விளக்க எனக்கு மனம் வரவில்லை.

பேண்டேஜ் துணிக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பல்லிடுக்கில் எது சிக்கினாலும் துணியின் ஓரத்திலிருந்து ஓர் இழையை உருவி எடுத்துவிடுவோம். காயத்துக்குள்ளேயே வைக்கிற துணி பல்லுக்கு ஆகாதா என்பது எங்கள் நியாயம். நானும் அதையே செய்தேன். ரத்தத்தை உறிஞ்ச வேண்டும் என்று முறுக்குக் குறைத்து நூற்ற நூல் அது. இழுத்தால் பஞ்சாகப் பிரியும். இதை எத்தனையோ வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு ஆங்கிலத்தில் விளக்கி எழுதியவன் நான். என் வாய்க்குள் மட்டும் பிரியாது என்று நினைத்துவிட்டேன் போலிருக்கிறது.

ஈறு சிவந்தது. பிறகு தடித்தது. வலி இல்லாததால் பேசாமல் இருந்தேன். போன வாரம் தலையணையில் ரத்தத்தைப் பார்த்துவிட்டு உன் சின்னம்மா கத்திய கத்தலில், ஸ்ரீவில்லிபுத்தூரில் மடவார் வளாகம் கோயிலுக்குப் பக்கத்தில் இருக்கிற டாக்டர் சாரங்கபாணியிடம் போனேன். வழியில் நம் கடை இருந்த இடத்தில் பால்கோவா விற்கிறார்கள். டாக்டர் விளக்கைப் பிடித்துப் பார்த்துவிட்டு, என்ன சார், வாய்க்குள்ளேயே தறி போட்டிருக்கேள் என்று கேட்டார். இடுக்கியால் அவர் எடுத்துப் போட்டது ஒரு கொத்து நூல். உள்ளே சீழ் கட்டியிருக்கிறதாம். சொந்தப் பல் என்றால் வலித்து ஊரைக் கூட்டியிருக்கும், வைத்த பல் சத்தமில்லாமல் எலும்பைத் தின்றுவிட்டு ஆடும் என்றார். இனிமேல் இதை வைத்த கைதான் தொட வேண்டும், இன்னும் தள்ளிப்போட்டால் கழற்றி எறிய வேண்டியதுதான் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நினைத்துப் பார்த்தேன். கழன்றால் எனக்கு என்ன நஷ்டம்? பழைய ஓட்டை பழையபடி வந்துவிடும். இருளப்பசாமிக்கும் பதில் கிடைத்துவிடும். ஆனால் நீ வைத்த முதல் பல் ஒரு வருஷம்கூட நிற்கவில்லை என்று நாலு பேர் பேசுவார்கள். உன் கையில் குறையில்லை, குறை என் நூலில் என்று நான் யார் யாரிடம் போய்ச் சொல்வேன்? என் வாய் எப்படியும் போகட்டும் அம்மா. உன் கைக்குக் கெட்ட பெயர் வரக்கூடாது.

நீ இப்போது காலேஜில் இல்லை. உன் அத்தா வீட்டின் முன்னறையில்தான் கிளினிக் வைத்திருக்கிறாய். தெரிந்துதான் எழுதுகிறேன். வருகிற வெள்ளிக்கிழமை மெட்ராஸ் போகிற செங்கோட்டை வண்டியில் ஏறுகிறேன். சனிக்கிழமை காலையில் வந்து சேருவேன். ஸ்டேஷனுக்கு யாரும் வர வேண்டாம். காபி, பலகாரம் எதுவும் வேண்டாம். உன் அத்தா வீட்டில் இருந்தால் இருக்கட்டும், அது அவர் வீடு.

ஒன்று மட்டும். நான் உன் நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு படுத்திருக்கிற நேரத்தில் அவர் உள்ளே வந்துவிட்டால், என்னால் எழுந்து போக முடியாது. அவர் என்ன சொன்னாலும் ஒரு வார்த்தை மறுத்துப் பேச முடியாமல் முழுதும் கேட்டுக்கொண்டுதான் கிடக்க வேண்டியிருக்கும். எத்தனை மணிக்கு என்னைப் படுக்க வைப்பாய் என்பதை அவரிடம் சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம்.

உன் கைக்கு அல்லாஹ் பரக்கத் செய்வானாக. அவசரப்படாமல், நேரம் எடுத்துக்கொண்டே செய்.

உன் சின்னத்தா,
பி. அகமது கபீர்