தையலுக்குப் பிறகு

நவம்பர் 9
என் மகள் டில்லி பிறந்து ஆறு நாள். பிள்ளையை இடுக்கி போட்டு இழுக்க வழி வேண்டுமென்று பிறப்பு வாயைக் கத்தரித்தார்கள். கத்தரித்த இடத்தோடு நிற்காமல் ஆசனவாய்த் தசை வரை கிழிந்துவிட்டது. ஒரு மணி நேரம் தைத்தார்கள். எத்தனை தையல் என்று கேட்டேன். "அதெல்லாம் எண்ணுறதில்லம்மா," என்றாள் நர்ஸ்.
சிறுநீர் போகும்போது வெந்நீரை ஊற்றிக்கொண்டே போகிறேன். அப்படியும் பல்லைக் கடிக்க வேண்டியிருக்கிறது.

நவம்பர் 12
நின்றுகொண்டே சாப்பிட்டேன்.

நவம்பர் 20
கோதுமை அறுவடை. என் கணவன் ஈவன் விடியுமுன் போனால் இருட்டித்தான் வீடு திரும்புகிறான். மாமியார் நோலா ஆட்டுக்கறி வேகவைத்துக் கொண்டுவந்தார். "மூணு பெத்தேன். நாலாம் நாளே ஆட்டுப்பட்டியில நின்னேன், கண்ணு. படுத்தா படுக்கைதான்."
சிரித்தேன். சிரித்ததில் காற்றுப் பிரிந்தது. தடுக்க முடியவில்லை. பிள்ளைதான் என்று அவர் நினைத்துக்கொண்டார். நானும் பிள்ளையைத்தான் பார்த்தேன்.

டிசம்பர் 1
டில்லியோடு ஊருக்குப் போனேன், நாற்பது கிலோமீட்டர். கடையில், சோப்புத்தூள் வரிசையில் — போய்விட்டது. அடக்குவதற்குள் போய்விட்டது. நிறைந்த தள்ளுவண்டியை அங்கேயே விட்டேன். டில்லியின் போர்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு, அவளைத் தூக்கிக்கொண்டு காருக்கு நடந்தேன். "மெர்ரின்! புள்ளயக் காட்டாம ஓடுறியே!" என்று யாரோ கத்தினார்கள். திரும்பவில்லை.
முப்பத்தொரு வயசு எனக்கு. இனிமே இப்படியேதானா? யார்கிட்டப் போய்ச் சொல்றது இத?

டிசம்பர் 8
இன்றும் வெளியே போகவில்லை. எந்த ஜன்னலில் பார்த்தாலும் அறுத்த கோதுமைத் தாள், அதற்கப்பால் வேலி. அந்த வேலி வரை நடக்கக்கூடத் துணிச்சல் இல்லை.

டிசம்பர் 11
நான் ஓட்டும் பள்ளிப் பேருந்தின் குத்தகைக்காரர் கிளைவ் போன் செய்தார். "ஜனவரி கடைசியில பள்ளிக்கூடம் தொறக்கும்போது உன் வண்டிய நீ எடுத்துக்கிறியா? மாத்து டிரைவர் பிரேக்க மிதிக்கிற மிதியில புள்ளைங்க வாந்தி எடுக்குதுங்க."
ஆகட்டும் என்றேன். பதினேழு பிள்ளைகள். எழுபது நிமிடம். ஓட்டுநர் நடுவில் இறங்கும் வழக்கமே இல்லை. எதுக்கு ஆகட்டும்னு சொன்னேன்?

டிசம்பர் 15
ஆறு வாரச் சோதனை. டாக்டர் திரைக்குப் பின்னால் ஒரு நிமிடம் பார்த்தார். திரும்பி வந்து உட்கார்ந்ததும், "தையல் அழகா ஆறியிருக்கு. வேற ஏதாவது தொந்தரவு?" என்றார். தொண்டை வரை வந்தது. பக்கத்து நாற்காலியில் நோலா, மடியில் டில்லி.
"இல்ல டாக்டர்."

டிசம்பர் 19
வாளியில் போட்டு மூடி ஒளித்துவைத்திருந்த என் உள்ளாடைகளை ஈவன் துவைத்துக் கொடியில் போட்டிருக்கிறான். கத்தினேன். "யாரக் கேட்டுத் தொட்ட?"
"ஒரு ஆடு குட்டி போட்டு இப்படி அவதிப்பட்டா அன்னிக்கே வைத்தியர வரவழைச்சிருப்பேன், மெர். ஏழு வாரமா நீ வாயத் தொறக்கல."
"நான் ஆடில்ல!"
"அதான் சொல்றேன். ஆடு ஒளிச்சு வைக்காது."
அவன் முகத்தில் அருவருப்பைத் தேடினேன். கண்டுபிடிக்க முடியவில்லை. அதற்கும் அழுதேன்.

டிசம்பர் 20
நானே போன் செய்தேன். "என்ன விஷயமா பாக்கணும்?" என்றாள் மருத்துவமனை வரவேற்பில் இருந்த பெண்.
"புள்ள பொறந்ததிலேர்ந்து மலம் அடங்க மாட்டேங்குது."
சொல்லிவிட்டேன். அவள் குரல்கூட மாறவில்லை. "உங்க பேர எப்படி எழுதணும்?"

ஜனவரி 17
நகரத்துக்கு நாலரை மணி நேரப் பயணம். இரண்டு தடவை காரை நிறுத்தச் சொன்னேன். ஸ்கேனில் தசை ஒரு இடத்தில் ஒட்டவே இல்லை. மேலே அழகாக ஆறியிருக்கிறது, உள்ளே பிளவு. "நிறைய பேருக்கு இருக்கு. சொல்றவங்கதான் கொறைவு," என்றாள் தசைப் பயிற்சி சொல்லித்தரும் பெண். ஆறு மாதம் பயிற்சி. போதவில்லையென்றால் மறுபடி அறுத்துத் தைப்பார்களாம். மறுபடியா! மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.
கிளைவுக்கு எழுதினேன்: ஜனவரியில் முடியாது, ஏப்ரலில் பார்க்கலாம். காரணத்தையும் எழுதினேன். "சரி. உன் எடம் உனக்குத்தான்" என்று மட்டும் பதில் வந்தது.

பிப்ரவரி 6
இறுக்கு, பத்து எண்ணு, விடு. டில்லிக்குப் பால் கொடுக்கும்போதெல்லாம்.

மார்ச் 9
நோலாவிடம் சொன்னேன். பாத்திரம் கழுவுவதை அவர் நிறுத்தவில்லை. "நாலாம் நாள் பட்டியில நின்னேன்னு சொன்னேனே," என்றார். "அழுதுகிட்டேதான் நின்னேன்."

மார்ச் 28
இந்த வாரம் இரண்டே தடவை.

ஏப்ரல் 22
மறுபடி வண்டி எடுத்த முதல் நாள். டில்லி நோலாவிடம். நேற்றுக்கூடக் கறை பட்டது. கூடுதல் உடை என் இருக்கைக்குக் கீழே. பாதி வழியில், பொதுமண்டப நிறுத்தத்தில், பிள்ளைகளை ஏற்றிவிட வந்த ஒரு தாயிடம் "ரெண்டு நிமிஷம் இவங்களப் பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.
திரும்பி ஏறும்போது முன் இருக்கைச் சிறுமி கேட்டாள், "எங்க போனீங்க?"
"கக்கூஸுக்கு."
"நானும் போலாமா? எப்பவும் அடக்கிக்கிட்டேதான் வருவேன்."
"ஓடு."
நான்கு பேர் இறங்கி ஓடினார்கள். பள்ளிக்கு ஆறு நிமிடம் தாமதம். நாளையிலிருந்து ஆறு நிமிடம் முன்னதாகக் கிளம்புகிறோம்.